அரசனுக்கு வசனம் கொடுத்தவள்

மேடையின் முன்விளிம்பில், தரையோடு தரையாக ஒரு சிறிய பெட்டி இருந்தது. பார்வையாளர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் வளைந்த மரமூடி மட்டும்தான் தெரியும். நாய்க்கூண்டு என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு. மேடைப் பக்கம் அது திறந்திருக்கும். அதற்குள் முதுகைக் குறுக்கி உட்கார்ந்துகொண்டு, நடிகர்கள் மறந்துபோகும் வசனத்தை எடுத்துக்கொடுப்பதுதான் அவள் வேலை.

குழுவில் எல்லோருக்கும் அவள் 'பெட்டி'. "பெட்டி சாப்பிட்டாச்சா?" "பெட்டிக்கு ஒரு டீ குடுங்கப்பா, தொண்டை காயப்போகுது." கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், சிரிப்பாள், டீயை வாங்கிக்கொள்வாள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் ஒருவேளை திரும்பாமலே இருந்திருப்பாள்.

பெட்டிக்குள்ளிருந்து பார்த்தால் உலகம் என்பது கால்கள்தான். முகங்கள் எங்கேயோ உயரத்தில், விளக்கு வெளிச்சத்தில் கரைந்துபோயிருக்கும். கண்ணுக்கு நேரே பாதங்கள். யாருக்கு வசனம் மறக்கப்போகிறது என்பது அந்த நடிகருக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். குதிகால் லேசாகத் தூக்கும். சிலருக்கு முழங்கால் ஆடும். அரச வேடக்காரருக்குக் கால் கட்டைவிரல் உள்பக்கமாக மடங்கும். பொய் சொல்லும்போதும் அதே விரல் அதே மாதிரிதான் மடங்கும். வீட்டில் செருப்பில்லாமல் நடப்பவர் என்பதால் இதை அவள் வீட்டிலும் பார்த்திருக்கிறாள்.

அந்த அரச வேடக்காரர் அவளுடைய அத்தான். கூடப்பிறந்த அக்காவின் கணவர், குழுவின் தலைவர். எந்த நாடகம் போட்டாலும் அரசன் அவர்தான். அரசனே இல்லாத நாடகம் என்றால் அந்த நாடகம் போடப்பட மாட்டாது. ஊரே அவரை 'ராஜா சார்' என்றது. நல்ல உயரம், கடைசி வரிசை வரைக்கும் போய் இடித்துவிட்டுத் திரும்பும் குரல். அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். ஞாபகம்.

அவர் வசனத்தை மனப்பாடம் செய்ததே கிடையாது. பெட்டியிலிருந்து ஒரு துண்டு வரும், காது பிடிக்கும், வாய் எறியும். அது முடிவதற்குள் அடுத்த துண்டு. இடையில் மூச்சுவிடும் நேரம்கூட இருக்காது. பார்ப்பவர்களுக்கு, அரசன் யோசித்து யோசித்துப் பேசுகிறான் என்று தோன்றும். "நான் வசனத்தைப் படிக்கறதில்ல. வசனம் என் வழியா வருது" என்று பேட்டிகளில் சொல்வார். எந்த வழியாக வருகிறது என்று யாரும் கேட்டதில்லை.

என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரியாது என்பது அவள் மட்டும் அறிந்த விஷயம். ஒருமுறை அவளுக்கு இருமல் வந்து, "கொஞ்சம் இருங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். போர்க்களக் காட்சி அது. அவர் வாளை உயர்த்தி, "கொஞ்சம் இருங்க!" என்று முழங்கினார். எதிரிப் படை நின்றது. சபை கைதட்டியது.

அவள் அந்தப் பெட்டிக்குள் போனது எப்படி என்பதுதான் கதை.

அப்பா போன பிறகு வீட்டில் படிப்பை நிறுத்தியது அவளுடையதைத்தான். அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. "சும்மா வீட்ல உக்காந்திருக்கறதுக்கு எங்கூட வரட்டும். துணி மடிக்க ஒரு ஆள் வேணும்" என்று அத்தான் கூட்டிக்கொண்டு போனார். ஒத்திகை நடக்கும் இடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து கிரீடங்களுக்குப் பொன்தாள் ஒட்டிக்கொண்டே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டது. வனமகள் வேடம் போட இருந்த பெண் சொல்லாமல் கொள்ளாமல் வேறு குழுவுக்குப் போய்விட்டபோது, முழு நாடகமும் தெரிந்த ஒரே பெண் அவள்தான்.

அந்த நாடகம் பழையது. எழுதியவர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. கதை எளிது. அரசன் வேட்டைக்கு வருகிறான். காட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணைப் பார்க்கிறான், கேட்கிறான். அவள் மறுக்கிறாள். அரசனுக்கு மறுப்பு என்பது புது அனுபவம், படையை ஏவுகிறான். ஓடி ஓடி இனி இடமில்லை என்ற இடத்தில் அவள் காட்டிடம், என்னை வாங்கிக்கொள் என்கிறாள். காடு அவளை மரமாக்கிவிடுகிறது. அரசன் அந்த மரத்தை வெட்டச் சொல்லி, அதில் ஒரு சிம்மாசனம் செய்யச் சொல்கிறான். கடைசிக் காட்சியில் அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து, இழந்த காதலை நினைத்து அழுகிறான்.

சபையும் அவனோடு சேர்ந்து அழும். வெட்டப்பட்டவள் நாற்காலியாகக் கிடக்கிறாள், வெட்டச் சொன்னவனுக்குக் கைக்குட்டைகள் நனைகின்றன. இதைப் பெட்டிக்குள்ளிருந்து பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். சத்தம் வராமல் சிரிக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஆனால் நாடகம் முதலில் அப்படி இல்லை. மரமாகும் முன் வனமகளுக்கு ஒரு நீண்ட பேச்சு இருந்தது.

முதல் ஆட்டத்தில் அவள் அதைப் பேசினாள். கால் நடுங்கத்தான் ஆரம்பித்தாள். நாலு வரி போனதும் நடுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. தலைக்கு மேல் கைகளை உயர்த்தி, விரல்களைக் கிளைகளாக விரித்து அவள் கடைசி வரியைச் சொல்லி முடித்தபோது சபை எழுந்து நின்றது. கைதட்டல் அடங்காததால் அரசன் உள்ளே வர முடியவில்லை. திரைக்குப் பின்னால் கிரீடத்தோடு நின்றுகொண்டே இருந்தார். கைதட்டல் நின்று அவர் வந்தபோது, அவரைப் பார்க்கக் கூட்டத்துக்குப் பொறுமை இல்லை.

மறுநாள் காலை அத்தான் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார்.

"மரமாகப் போறவளுக்கு என்ன இவ்வளவு பேச்சு? வந்தா, நின்னா, மரமானா. அவ்வளவுதான். மரம் பேசுமா?"

"அப்போ நான்?" என்று அவள் கேட்டாள்.

"உனக்குத்தான் மொத்த நாடகமும் மனப்பாடமாச்சே. நீ பெட்டிக்குப் போ. மரமா நிக்கறதுக்கு யார் வேணா வரலாம்."

போனாள். அவள் சாப்பிடுவது அத்தான் வீட்டில். படுப்பது அந்த வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்து அறையில், நாடக உடுப்புகள் தொங்கும் கொடிகளுக்குக் கீழே. முடியாது என்று சொல்ல ஒருத்திக்குத் தனியாக ஒரு கதவாவது வேண்டும்.

அதைக்கூட அவள் விழுங்கியிருப்பாள். அடுத்த ஆட்டம் முடிந்ததும், முதல் நாள் பார்த்தவர் ஒருவர் மேடைக்கே வந்து, "அந்தப் பொண்ணு எங்க சார்? என்னமா பேசினா!" என்று கேட்டார். அத்தான் பெருமூச்சுவிட்டார். "அதை ஏன் கேக்கறீங்க. பயந்த சுபாவம். கூட்டத்தைப் பார்த்ததும் அழுதுகிட்டே மேடையை விட்டு ஓடிருச்சு. நீங்க பாத்தது வேற பொண்ணா இருக்கும்."

பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கு இது காதில் விழுந்தது. அவருடைய கால் கட்டைவிரல் மடங்குவதையும் பார்த்தாள்.

பொய் ஒருமுறை சொன்னால் பொய். ஆட்டத்துக்கு ஆட்டம் சொன்னால் அது குழுவின் வரலாறு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். "பெட்டியக்கா ஒருகாலத்துல மேடையேறி அழுதுகிட்டே ஓடினவங்க, தெரியுமா?" அவர்களும் பாவப்பட்டு அவளுக்கு ஒரு பிஸ்கட் கூடுதலாகக் கொடுப்பார்கள். பிஸ்கட்டைத் தின்னும்போது அது உப்புக் கரிக்கும்.

இப்படியே தலை நரைத்தது. கிசுகிசுத்துக் கிசுகிசுத்து அவளுடைய குரலே கிசுகிசுப்பாகிவிட்டது. கடையில், "என்ன வேணும்? கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்பார்கள். சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். காற்றுதான் வரும். வனமகள் மரமாகும் காட்சியில் இப்போது வெறும் மேளச் சத்தம் மட்டும்தான். அந்த மேளம் அடித்து முடியும் வரை, ஒவ்வொரு ஆட்டத்திலும், அவள் பெட்டிக்குள் அந்தப் பேச்சை உதட்டளவில் முழுதாகச் சொல்லி முடிப்பாள். அத்தானுக்குக் கொடுத்தது வேலை. இது அவளுக்கு அவளே கொடுத்துக்கொண்டது.

பெரிய விருது ஒன்று அத்தானுக்கு அறிவிக்கப்பட்டது. பாராட்டு விழாவில் அந்தப் பழைய நாடகத்தையே போடுவது என்று முடிவாயிற்று. பத்திரிகைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவள் டீ கொண்டுபோய் வைத்தபோது அத்தான் சோபாவில் சாய்ந்திருந்தார்.

"பழைய இலக்கியத்துல பொண்ணுன்னா இயற்கை தம்பி. கொடி, ஆறு, நிலம். அரசன்னா அதிகாரம். இயற்கை பேசாது. பேசாம இருக்கறதுதான் அதோட அழகு. அதை நான் புரிஞ்சுகிட்டேன், அதனாலதான் இந்த நாடகம் இன்னும் நிக்குது." பிறகு அவளை நோக்கிக் கையைக் காட்டினார். "இவளையே பாருங்க. முதல் ஆட்டத்துல வனமகளா நின்னா. கூட்டத்தைப் பார்த்து அழுதுகிட்டே ஓடினா. நான் விட்டுட்டேனா? பெட்டியில ஒரு இடம் குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் வெச்சுக் காப்பாத்தறேன்."

"நல்ல மனசு சார் உங்களுக்கு" என்றார் பத்திரிகைக்காரர்.

அவள் கோப்பையைச் சிந்தாமல் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

விழாவுக்காக அரங்கத்தின் நுழைவாயிலில் பெரிய பலகை ஒன்று வைத்தார்கள். முதல் ஆட்டத்துப் புகைப்படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். அவளிடமும் அந்தப் படத்தின் சிறிய பிரதி ஒன்று உண்டு. அதில் வலது பக்கம் அரசன், இடது பக்கம் கைகளை உயர்த்திய வனமகள். பலகையில் இடது பக்கம் இல்லை. ஓரத்தில் ஐந்து விரல்கள் மட்டும், எங்கிருந்தோ நீட்டியதுபோல மிஞ்சியிருந்தன. கீழே அச்சடித்திருந்தார்கள்: 'முதல் நாளில் நடிகை மேடையை விட்டு ஓடியபோதும், தனி ஒருவராக நாடகத்தைத் தாங்கிய கலைஞர்.'

அவள் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுடைய விரல்கள். சுண்டுவிரல் நகத்தில் பொன்தாள் ஒட்டிய பிசின்கூடத் தெரிந்தது.

டிக்கெட் அறையில் அக்கா தனியாக இருந்தாள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, முதல் நாள் நீ எங்க உக்காந்திருந்தே?"

"முதல் வரிசையில. ஏன்டி?"

"நான் ஓடினேனா?"

அக்கா ரப்பர் பேண்டுகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு. நீதான பாத்தே. நான் அழுதுகிட்டு ஓடினேனா?"

"இப்ப எதுக்குடி பழசைக் கிளறுறே? அவர் ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னது..."

"ஒரு பேச்சுக்கா? பலகையில அடிச்சு வெச்சிருக்காங்க. நான் செத்தாலும் அதுதான் நிக்கும்."

"அவருக்கும் வயசாச்சு. இந்த விருதோட எல்லாம் முடிஞ்சுது. நல்ல காரியம் நடக்கும்போது மனசைக் கெடுத்துக்காதே. நான் என்ன பண்ணுவேன், சொல்லு? நான் அவர் பொண்டாட்டிடி."

"நான் உன் தங்கச்சி."

அக்கா கோத்திருந்ததை இழுத்தாள். ரப்பர் பேண்டு ஒன்று அறுந்து மேசையில் துள்ளியது.

அன்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அவளுக்கு விருது வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். அந்தப் பொய்யை எந்த வாய் சொன்னதோ, அதே வாய் சபை நடுவே நின்று அவள் ஓடவில்லை என்று சொல்ல வேண்டும். அதோடு, எந்தப் பேச்சை அவர் சிவப்புப் பென்சிலால் அடித்தாரோ, அந்தப் பேச்சையும் அவரே பேச வேண்டும். அவளுக்குத்தான் குரல் இல்லை. அவருக்கு இருக்கிறதே.

விழா நாளில் அரங்கம் நிறைந்து வழிந்தது. முன்வரிசையில் விருதுக் குழுவினர். மரமாக நிற்கும் இளம்பெண் வந்தாள், ஓடினாள், கைகளை உயர்த்தினாள், மேளத்தோடு மரமானாள். பெட்டிக்குள் இவள் உதடு அசையவில்லை. இன்றைக்கு அந்தப் பேச்சை வீணாக்க மனமில்லை.

கடைசிக் காட்சி. அரசன் வந்து சிம்மாசனத்தில் அமர்ந்தார். பொன்வண்ணம் பூசிய செருப்புக்குள் விரல்கள் நிதானமாக, நீட்டியபடி இருந்தன. காதலை இழந்தவனின் புலம்பலுக்காகச் சபை கைக்குட்டையை எடுத்தது.

அவள் கொடுத்தாள்: "இனி நான் அசைய மாட்டேன்."

"இனி நான் அசைய மாட்டேன்" என்றார் அரசன்.

"இனி நான் பேச மாட்டேன். ஆகவே பேச வேண்டியதை இப்போதே பேசிவிடுகிறேன்."

அதையும் எறிந்தார்.

"கொடி என்றீர்கள், வளைப்பதற்கு. ஆறு என்றீர்கள், தடுப்பதற்கு. நிலம் என்றீர்கள், கீறுவதற்கு."

அவருடைய வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் மடங்கியது. பிறகு மற்ற விரல்களும் செருப்பைக் கவ்விக்கொண்டன. புரிந்துவிட்டது. ஆனால் புரிந்து என்ன? உண்மையான புலம்பலில் ஒரு வார்த்தைகூட அவருக்குத் தெரியாதே. நிறுத்தினால் விருதுக் குழுவின் முன்னால் வெறும் வாயோடு உட்கார வேண்டும். கயிறு ஒன்றுதான் இருந்தது. அது அவள் கையில் இருந்தது.

"என்னை எப்படி அழைத்தீர்களோ, அப்படி நடத்தவே அப்படி அழைத்தீர்கள். நாளை என்னை அறுப்பார்கள். என்னில் ஒரு நாற்காலி செய்வார்கள். அரசே, அதில் நீ அமர்வாய்."

அரசன் சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டு, தன்னைத்தானே பார்த்து, அந்தப் பெரிய குரலில் சொன்னார். அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அவர் குரல் நடுங்கியது, பயத்தில். கேட்டவர்களுக்கு அது நாற்காலிக்குள்ளிருந்து நடுங்கி வருவதுபோலக் கேட்டது. அவள் விடவில்லை. அள்ளி அள்ளிக் கொடுத்தாள்.

"அமர்ந்தபின் உனக்கு எழத் தெரியாது. உன் கால் வேர்பிடிக்கும். நீ அழும் கண்ணீர் எனக்கு நீராகும். உன்னைத் துளைத்துக்கொண்டு நான் துளிர்ப்பேன்."

சொல்லி முடித்தார். வியர்வை ஒரு சொட்டு பொன்செருப்பின் மீது விழுந்து, சாயம் கரைந்து ஒழுகியது. அவள் அதைக் கண்குளிரப் பார்த்தாள்.

ஓடவில்லை என்ற வரியைக் கொடுக்க அவள் வாயெடுப்பதற்குள் நடந்ததுதான் அவள் கணக்கில் வராதது. சபை எழுந்து நின்றது. விருதுக் குழுவின் தலைவர் மேடைக்கே ஓடிவந்தார். "அரசன் வாய் வழியா நாற்காலியே பேசுது! எப்பேர்ப்பட்ட யோசனை சார்!" அத்தான் ஒரு நொடி விழித்தார். ஒரே நொடிதான். பிறகு தலையைத் தாழ்த்தி, "இது ரொம்ப நாளா என் மனசுல இருந்தது" என்றார்.

ஒப்பனை அறையில் அவர் முகத்து வண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் போய் நின்றாள்.

"என்ன நெஞ்சழுத்தம்டி உனக்கு? என் மானத்தை வாங்கப் பாத்தியா?" என்று சீறினார். பிறகு கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டார். "சரி போ. நல்லாத்தான் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு இப்பவே டிக்கெட் இல்லையாம். இனிமே அதையே வெச்சுக்கலாம். எழுதிக் குடுத்துடு."

"எழுத வேணாம் அத்தான். எனக்குத் தெரியும்."

"அதானே. நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை."

"வாசல்ல இருக்கற பலகையை மாத்திடுங்க. நான் ஓடலைன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் பஞ்சைக் கூடையில் எறிந்தார். "அதை எதுக்கு மாத்தணும்? ஓடிப்போன பொண்ணுக்கும் சோறு போட்டு இடம் குடுத்தான்னு எனக்கு நாலு பேர் நல்ல பேரு சொல்றாங்க. அது உனக்கு உறுத்துதா? உன்னை யாரு இப்ப பாக்கப்போறா? பெட்டிக்குள்ள இருக்கறவ முகம் எவனுக்குத் தெரியும்?"

அவள் தலையாட்டினாள். தலையாட்டுவது அவளுக்குப் பழகிப்போன வேலை. என்ன நினைத்துக்கொண்டு ஆட்டினாள் என்று அவர் கேட்கவில்லை. பழைய வேடத்தையும் பறித்தாயிற்று, பேச்சையும் பறித்தாயிற்று, சாபத்தையும் எடுத்து அணிந்துகொண்டாயிற்று. சாபம்கூட அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்திவிட்டது. அறையை விட்டு வெளியே வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. அடுத்து எங்கே அடிக்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டம். டிக்கெட் அறை ஜன்னலுக்கு வெளியே, வரிசையில் நின்று, அவள் கையை நீட்டினாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு எதுக்குடி டிக்கெட்? நேரமாச்சு, பெட்டிக்குப் போ. அவர் தேடுவார்."

"இன்னைக்கு நான் நாடகம் பாக்கப்போறேன் அக்கா. ஒருதடவைகூட முன்னாடி இருந்து பார்த்ததில்ல."

"அப்போ அவருக்கு வசனம்?"

அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அக்காவுக்குப் புரிந்தது என்பது அவள் முகம் வெளிறியதில் தெரிந்தது. அக்கா நினைத்திருந்தால் நாற்காலியை விட்டு எழுந்து ஒப்பனை அறைக்கு ஓடியிருக்கலாம். ஜன்னலுக்கு அப்பால் வாசலில் இருந்த பலகையைப் பார்த்தாள். வெட்டுப்பட்ட விரல்களைப் பார்த்தாள். பிறகு இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

"முதல் வரிசை" என்றாள். "அன்னைக்கு நான் உக்காந்திருந்த சீட்டு."

மற்ற காட்சிகளில் அரசனுக்கு இரண்டொரு வரிதான். மற்ற நடிகர்கள் அதைத் தங்கள் வாயில் போட்டுக்கொண்டு சமாளித்துவிட்டார்கள். பெட்டியிலிருந்து சத்தம் வரவில்லை என்பது அத்தானுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கடைசிக் காட்சியை அவள் கைவிடமாட்டாள் என்றுதான் நினைத்திருப்பார். மரம் எங்கே போகும்?

சிம்மாசனத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பேச்சுக்காகவே வந்திருந்த கூட்டம் நாற்காலி நுனிக்கு வந்தது.

"இனி நான் அசைய மாட்டேன்" என்றார். அது ஞாபகம் இருந்தது. "இனி நான்... பேச மாட்டேன்." அவ்வளவுதான். காதைப் பெட்டிப் பக்கம் சாய்த்தார். பெட்டி பேசவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தார், கிரீடம் நழுவியது. பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது முதல் வரிசையில் அவளைப் பார்த்தார்.

அவளும் பார்த்தாள். அந்த முகத்தை மேடை வெளிச்சத்தில் நேருக்கு நேர் பார்ப்பது முதல் ஆட்டத்துக்குப் பிறகு இதுதான் முதல்முறை. கால்விரலைத் தேட வேண்டிய வேலையே இல்லை. எல்லாம் முகத்திலேயே இருந்தது. உதடு மட்டும் அசைந்தது: 'குடு. குடுடி.'

அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நேரம் போயிற்று. முதலில் ஆழ்ந்த மௌனம் என்று ரசித்த சபை, பிறகு நெளிந்தது. எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து சீட்டு அம்மாள் இவள் பக்கம் குனிந்தாள். "என்னங்க ஆச்சு இவருக்கு? முதல் நாள் பொண்ணு ஓடினப்பவே தனியா நின்னு சமாளிச்சவராமே. வெளியில போட்டிருக்கே."

"அவருக்கு வசனம் தெரியாதுங்க" என்றாள் இவள்.

மேடையில் அவருடைய கண்கள் கெஞ்சின. வியர்வையில் மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. ஒரு வார்த்தை, ஏதாவது ஒரு வார்த்தை. தண்ணீர் கேட்பவனைப்போல வாய் திறந்து திறந்து மூடியது. அவளுக்குள் எங்கோ ஒரு மூலையில், போதும், பாவம் என்று ஒன்று எழுந்தது. அதை அவள் உட்காரச் சொன்னாள்.

பிறகு, பெட்டிக்குள்ளிருந்து கொடுக்கும் அதே அளவில், அதே கிசுகிசுப்பில், கொடுத்தாள்.

"அன்று அவள் ஓடவில்லை."

காது பிடித்தது. வாய் எறிந்தது. "அன்று அவள் ஓடவில்லை!" அரங்கம் அதிர்ந்தது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் கண்ணுக்குள் வந்தது. ஆனால் அடுத்த துண்டு அதற்குள் வந்துவிட்டது.

"சபை எழுந்து நின்றது."

"சபை எழுந்து நின்றது..." குரல் உடைந்தது. பழக்கம் அவரை இழுத்துக்கொண்டு போனது.

பக்கத்து அம்மாள் திரும்பி இவளையே பார்த்தாள். பின்வரிசையில் யாரோ, "அந்தப் பலகையில இருக்கே, அந்தப் பொண்ணா?" என்றார்கள். முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. அரங்கத்தின் கதவருகே, டிக்கெட் அறையைப் பூட்டிவிட்டு வந்த அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

அவள் மூன்றாவதைக் கொடுத்தாள்.

"ஓடினாள் என்று சொன்னது நான்தான்."

இந்த முறை வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டார். சிம்மாசனத்தின் கைப்பிடிகளை இறுகப் பிடித்திருந்தார். எழுந்து ஓடிவிடலாம். ஓடினால், மேடையை விட்டு ஓடியவர் என்ற பெயர் யாருக்கு வரும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. உட்கார்ந்தே இருந்தார்.

வசனம் எடுத்துக்கொடுப்பதில் ஒரு முறை உண்டு. நடிகர் ஒரு வரியைத் தவறவிட்டால், கொடுப்பவர் அவசரப்படக் கூடாது. ஒரு மூச்சு பொறுத்துவிட்டு அதே வரியை மறுபடியும் கொடுக்க வேண்டும், முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாக. அவர் பிடிக்கும் வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அவள் ஒரு மூச்சு பொறுத்தாள். தொண்டையைச் செருமினாள். காற்றுக்குப் பின்னால் எங்கோ அடியில், துருப்பிடித்துக் கிடந்த குரல் ஒன்று அசைவது அவளுக்கே தெரிந்தது.

மறுபடியும் கொடுத்தாள்.